காத்தவராயன் முடுக்கிய கைபிரேக்

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கம் போய்க் காத்தவராயன் என்று கேட்டால், எந்தக் காத்தவராயன் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பார்கள். பால் ஊற்றுகிற காத்தவராயன் ஒருவன். கூத்தில் பெண் வேஷம் கட்டுகிற காத்தவராயன் ஒருவன். இது வைண்டிங் இஞ்சின் வீட்டுக் காத்தவராயன். இவன் தாத்தா குடியாத்தத்துக்குக் கிழக்கேயிருந்து தலைமூட்டையோடு வந்து சுரங்கத்தில் பாறை உடைத்தவர். அப்பன் கீழே லெவலில், பாறைக்குள் குடைந்த பாதையில், தள்ளுவண்டி தள்ளியவன். அந்தக் குடும்பத்தில் வெயிலைப் பார்த்துக்கொண்டே ஷிப்ட் முடித்த முதல் ஆள் காத்தவராயன்தான்.

ஆட்களை ஷாப்டுக்குள், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழிக்குள், இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டைக் கேஜ் என்பார்கள். அந்தக் கேஜின் கம்பிக் கயிறு சுற்றிக்கொள்ளும் பெரிய உருளையும், உருளையைக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கும் இருக்கிற இடம் வைண்டிங் இஞ்சின் வீடு. காத்தவராயன் அங்கே இயந்திரம் பார்க்கிற பிட்டர். பிரேக் கட்டை தேயத் தேய, இழுப்புக் கம்பியின் நட்டை முடுக்கித் தளர்ச்சியை எடுப்பது அவன் பொறுப்பு. நட்டை முடுக்கினால் பிடி இறுகும்; அவ்வளவுதான் சங்கதி. வருஷக்கணக்காக அதைச் செய்து செய்து, உலகத்தில் எது தளர்ந்தாலும் கம்பியைத்தான் முடுக்க வேண்டும் என்று அவன் கைக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

"கீழ போறவன் சாமியைக் கும்பிட்டுட்டுப் போறான். ஆனா அவனைப் புடிச்சு நிறுத்தறது நான் முடுக்கின நட்டு" என்பான். சொல்லும்போது வேட்டியை ஒரு தடவை மடித்துக் கட்டிக்கொள்வான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கிணற்று உருளையைச் சுற்றிப் பார்ப்பான், கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பான். அவன் பெண்டாட்டி கிருஷ்ணம்மா, "பொண்ணைப் பார்க்க வந்தப்பவும் என்னை எங்க பார்த்தாரு, எங்க ஊட்டு ஊஞ்சல் சங்கிலியைத்தான் பார்த்தாரு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் வேறு யாருமில்லை, முறைப்பெண்தான். காத்தவராயனின் அம்மாவும் கிருஷ்ணம்மாவின் அப்பாவும் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை. கிருஷ்ணம்மாவுக்கு மேலே ஓர் அண்ணன், சம்பங்கி. கீழே ஒரு தங்கை, ரத்தினம்மா. சம்பங்கி சுரங்கத்துப் பக்கமே போகாமல் பழைய லேண்ட்மாஸ்டர் கார் ஒன்றை வாங்கி, பங்காருபேட்டை ரயிலடிக்கும் ராபர்ட்சன்பேட்டைக்கும் டாக்ஸி ஓட்டினான். ரத்தினம்மாவின் கதை வேறு. கல்யாணமாகி இரண்டு பொங்கல்கூட முழுசாகப் பார்க்கவில்லை. கீழே பாறை வெடித்து விழுந்ததில் புருஷன் போய்விட்டான். குடியாத்தத்தில் மாமியார் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தாள். மூத்தார் வீட்டில் அவள் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டு, சம்பங்கி தன் காரிலேயே போய் அழைத்துக்கொண்டு வந்தான். அன்றைக்கிருந்து ராபர்ட்சன்பேட்டையில் அண்ணன் வீடுதான் அவளுக்கு வீடு. சம்பங்கியின் பெண்டாட்டி பாக்கியவதிக்கு அவள் ஒரு வேலையிலும் குறை வைத்ததில்லை. பாக்கியவதியும் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. வாய்தான் கொஞ்சம் முன்னால் போகும், மனசு பின்னாலேயே நடந்து வரும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால், காரின் பின்சக்கரத்தில் பிரேக் லைனிங் தேய்ந்து போயிற்று. கடைத்தெருப் பக்கம் ஷெட் வைத்திருந்த ஏசுபாதம் மேஸ்திரி புது லைனிங் அடித்த ஷூ மாட்டிக் கொடுத்தார்; சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கிற வளைகட்டைக்குத்தான் ஷூ என்று பேர். கொடுக்கும்போதே, "புதுசு இன்னும் டிரம்மோட ஒட்டி உட்காரல சம்பங்கி. நாலு டிரிப் ஓட்டிட்டுக் கொண்டா, ஷூவை விரிச்சு வெச்சுத் தரேன். அதுவரைக்கும் கைபிரேக் லொடலொடன்னுதான் இருக்கும். அதை நம்பி எறக்கத்துல நிறுத்தாதே" என்று சொல்லி அனுப்பினார்.

சம்பங்கி அதை அப்படியே காத்தவராயனிடம் வந்து சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம்.

"ஷூவை விரிக்கறதா? இன்னா மச்சான், செருப்புக் கடையா வெச்சிருக்கான் அவன்?" என்று காத்தவராயன் சிரித்தான். "கைபிரேக் லிவர் மேல வருதுன்னா கம்பி தளர்ந்துகினு கீதுன்னு அர்த்தம். ஊட்ல பிட்டரை வெச்சுகினு ஷெட்டு ஷெட்டா சுத்துவியா நீ?"

"அதில்ல மாப்ள, கார் வேற, உன் மிசின் வேற..."

"ஒரு கேஜ் நெறைய ஆளைப் புடிச்சு நிறுத்தறேன் நானு. உன் டப்பாவை நிறுத்த மாட்டனா?"

அப்புறம் சம்பங்கி என்ன பேசுவான்? காத்தவராயன் கோணிப்பையை விரித்துக் காருக்கடியில் படுத்தான். கைபிரேக்கின் கேபிள் முனையில் நட்டு இருந்தது. அதைக் கண்டதும் பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி இருந்தது அவனுக்கு. முடுக்கினான். வெளியே வந்து லிவரை இழுத்தான். லிவரின் பற்சட்டத்தில் இரண்டு பல்லிலேயே கவ்விக்கொண்டு நின்றது. "புடிச்சு ஆட்டிப் பாரு மச்சான்" என்றான். சம்பங்கி ஆட்டிப் பார்த்தான். கிணற்றுக்கல் மாதிரி இருந்தது. சக்கரத்தைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

நாலைந்து நாளில் லிவர் மறுபடியும் மேலே ஏறிற்று. பங்காருபேட்டை போய் வந்தால் பின்சக்கரத்துப் பக்கம் தீய்ந்த வாடை வருகிறது என்றும் சம்பங்கி சொன்னான். காத்தவராயன் ஷிப்ட் முடித்துப் போகிற வழியில், குளிக்காமல்கூட, இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டுப் போனான். "புது லைனிங்னா வாடை வரத்தான் வரும்" என்றான். நட்டு மரையின் கடைசிக்கு வந்துவிட்டது கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் ஏசுபாதத்திடம் போகச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆயுத பூஜையும் வந்தது. வைண்டிங் இஞ்சின் வீட்டில் காலையிலேயே பூஜையை முடித்துக்கொண்டு, காத்தவராயன் புது வேட்டியும் விபூதியுமாகக் கிருஷ்ணம்மாவோடு மச்சான் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை அன்றைக்குக் கருவிக்கு ஓய்வு. ஸ்பேனர், ஜாக்கி, ஸ்குரூ டிரைவர் எல்லாம் கழுவிக் குங்குமம் வைத்துப் பலகையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவார்கள். மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. காரும் அப்படித்தான். பூஜை முடிகிற வரைக்கும் இஞ்சினை எழுப்பக் கூடாது, கியரும் போடாமல் சும்மா விட வேண்டும். கற்பூரம் காட்டிய பிறகுதான் சாவி போட்டு, நாலு சக்கரத்துக்கும் அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்க ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆகவே தெருமுனை மேட்டில் கழுவி நிறுத்தியிருந்த காரை, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கையாலேயே வாசலுக்குத் தள்ளி வந்தார்கள். அந்தத் தெரு நல்ல இறக்கம். வாசலில் நிறுத்திக் கைபிரேக்கை இழுத்து, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லையும் அண்டை கொடுத்தான் சம்பங்கி.

பாக்கியவதி எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். "கல்லு இருந்தா பழத்தை எங்க வெக்கறது? கல்லு மேல ஏத்தியா நசுக்கப் போறீங்க?" என்றாள்.

சம்பங்கி காத்தவராயனைப் பார்த்தான். "எடுக்கலாமா மாப்ள? லிவர் ரொம்ப மேல வந்து நிக்குது."

எதிர்வரிசைப் பெண்கள் எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருக்குழாயடியில் குடத்தோடு நின்ற தெலுங்குக்காரி வெங்கடம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்தவராயன் வேட்டியை மடித்துக் கட்டினான். குனிந்துகூட எடுக்கவில்லை, காலாலேயே அந்தக் கல்லை எட்டித் தள்ளினான். "நான் பார்த்த பிரேக்குக்குக் கல்லா?" என்றான்.

பழம் வைத்தாயிற்று. மாலை போட்டாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. பாக்கியவதி ஆரத்தித் தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு பார்த்தால், தீப்பெட்டி இல்லை. "தீப்பெட்டி எங்கம்மா? யாராவது கொண்டாங்க!" என்று சம்பங்கி உள்ளே பார்த்துச் சத்தம் போட்டான்.

உள்ளே இருந்தது ரத்தினம்மா ஒருத்திதான். அவள் நல்ல காரியத்துக்கு வாசலில் வந்து நிற்கிறவள் இல்லை. யாரும் சொல்லாமலே ஒதுங்கிக்கொள்வாள். கூப்பிட்ட அவசரத்தில் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, வாசற்படியில் நின்று கையை நீட்டினாள். அந்தச் சமயத்தில்தான் சம்பங்கி திறந்து கிடந்த காரின் கதவை அறைந்து சாத்தினான்; கார் ஒரு குலுங்கு குலுங்கிற்று.

காத்தவராயனுக்கு முதலில் காதில்தான் விழுந்தது. பின்சக்கரத்துக்குள்ளேயிருந்து சன்னமாக ஒரு 'கிர்ர்'. வேறு யாருக்கும் அது சத்தமே இல்லை. அவனுக்கு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது வழுக்குகிறது என்று அர்த்தம்.

நாலு பழமும் படபடவென்று நசுங்கின. பையன்கள் பூஜை முடிந்ததென்று கை தட்டினார்கள். டிரைவர் சீட்டில் ஆளே இல்லாமல், மாலையும் கழுத்துமாகக் கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மெதுவாகக் கிளம்பிற்று. அப்புறம் மெதுவாகப் போகவில்லை. சம்பங்கி ஜன்னலைப் பிடித்துக்கொண்டே, "ஏய்! ஏய்!" என்று மாட்டை அதட்டுகிற மாதிரி அதட்டிக்கொண்டு ஓடினான். குழாயடிப் பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு திக்கில் பறந்தார்கள். கார் நேரே போய்த் தெருக்குழாயை முட்டிச் சாய்த்து, விளக்குக் கண்ணாடி ஒன்று சிதற, நின்றது. தண்ணீர் பனைமர உயரத்துக்கு அடித்தது.

"ஏமய்யா சம்பங்கி!" என்று வெங்கடம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்திருந்தாள். "நாங்கதான் தண்ணி புடிக்க லைன்ல நிக்கறோம்னா, உன் காருமா லைன்ல வந்து நிக்கணும்?"

சிரித்தவர்களும் உண்டு. பாக்கியவதி சிரிக்கவில்லை. பற்ற வைக்காத கற்பூரம் தட்டிலேயே இருந்தது. திரும்பிப் படியைப் பார்த்தாள். நாத்தனார் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு உன்னை வரச் சொன்னது?"

"அண்ணன் தீப்பெட்டி கேட்டுச்சு அண்ணி..."

"தீப்பெட்டியை ஒரு பையன்கிட்ட குடுத்தனுப்பக் கூடாதா? வருஷத்துக்கு ஒரு நாளு! எங்க சோறே அந்தக் கார்ல இருக்குது. கற்பூரம் ஏத்தறதுக்கு முன்னாடி, வந்து மூஞ்சைக் காட்டறியே! நல்லா நின்னுகினு இருந்த வண்டி. நீ வாசல்ல கால் வெச்சே, அது போயிருச்சு. தெருவே பார்த்துச்சே!"

தெருவும் பார்த்துத்தான் இருந்தது. கதவைச் சாத்தினதை யாரும் பார்க்கவில்லை. ரத்தினம்மா வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தி "ஆமாம்மா" என்றாள். இன்னொருத்தி "அம்மன் கோவம்" என்றாள். நனைந்து போன சம்பங்கி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தான்.

கிருஷ்ணம்மாதான் கேட்டாள். தங்கச்சிக்காகக் கேட்டாள். "இதபாருங்க, நீங்கதான பிரேக்கைப் பார்த்தீங்க? அது சரியாத்தான் இருந்துச்சா? சொல்லுங்க."

எல்லா முகமும் காத்தவராயன் பக்கம் திரும்பிற்று. அவன் உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாசலில் எட்டி உதைத்த கல் இன்னும் அங்கேதான் கிடந்தது. வாய்வரைக்கும் வார்த்தை வந்தது. ஆனால் வந்தது வேறு வார்த்தை.

"என் கையால முடுக்கினேன். பிரேக் மேல தப்பு இல்ல."

சொன்னது அவ்வளவுதான். அவன் ரத்தினம்மாவின் பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. வைண்டிங் இஞ்சின் வீட்டுப் பிட்டரே பிரேக் மேல் தப்பில்லை என்றால், தப்பு வேறெங்கே இருக்கும்? தெரு தலையை ஆட்டிக்கொண்டு கலைந்தது. சம்பங்கி வாசற்படிக்கு வந்தான். பிறகு தங்கை முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "ரத்தினம், நீ கொஞ்ச நாள் குடியாத்தம் போய் இருந்துட்டு வாம்மா. சாயங்கால ரயிலுக்கு நானே கொண்டு போய் விடறேன்."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ரத்தினம்மா உள்ளே போனாள். தகரப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

நாலு பேர் சேர்ந்து காரைக் கயிறு கட்டி மேட்டுக்கு இழுத்து, சமதரையில் நிறுத்தினார்கள். காத்தவராயனும் கை கொடுத்தான். மற்றவர்கள் போன பிறகு, காருக்குள் ஏறி உட்கார்ந்து லிவரை இழுத்தான். கடைசிப் பல் வரைக்கும் வந்தது. இறங்கிப் போய்த் தோளால் காரை ஒரு தள்ளுத் தள்ளினான். நகர்ந்தது. கழுவின தண்ணீர் உள்ளே இறங்கி ஷூ நனைந்திருக்கும் என்று ஒரு சாக்கு மனசில் வந்தது. அதையும் எத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருப்பது? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே புது வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

பூஜைச் சாப்பாடு யாரும் சாப்பிடவில்லை. ரத்தினம்மாதான் ஒரு தட்டில் சோறும் சுண்டலும் போட்டுக்கொண்டு மேட்டுக்கு வந்தாள். போகிற அவசரத்திலும், அக்கா புருஷன் பசியோடு இருப்பானே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"சாப்பிடுங்க மாமா."

"வெச்சுட்டுப் போ ரத்தினம்."

அவள் போகவில்லை. "அண்ணி மேல கோவப்படாதீங்க. அண்ணி சொல்றதுல தப்பில்ல" என்றாள். "அவரு போனப்பவும் குடியாத்தத்துல என் ராசின்னுதான் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் எழவு ஊட்டுல எழுந்து நின்னு, பாறைக்கு இன்னாய்யா தெரியும் பொம்பளை ராசி, அது பாறைன்னு சத்தம் போட்டீங்க. அதைத்தான் மாமா நான் இத்தினி நாளும் நெனச்சுகினு இருந்தேன். பாறைதான், நான் இல்லன்னு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இன்னிக்கு நீங்களே பிரேக் மேல தப்பில்லன்னுட்டீங்க. நீங்க மெசின் விஷயத்துல பொய் சொல்ல மாட்டீங்க. அப்போ அன்னிக்கும் நான்தானோ என்னமோ."

தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கணக்குப் போட்டுப் பார்த்து விடை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

காத்தவராயன் எழுந்தான். நேரே வீட்டுக்குள் போய்ப் பூஜைப் பலகைக்கு முன்னால் நின்றான். குங்குமமும் பூவுமாக அடுக்கியிருந்ததிலிருந்து ஜாக்கியையும் ஸ்பேனரையும் ஸ்குரூ டிரைவரையும் எடுத்தான்.

"இன்னாங்க இது! சாமி சாமானு!" என்று கிருஷ்ணம்மா கத்தினாள்.

"மாப்ள, நாளைக்குத்தான் எடுக்கணும்!" என்று சம்பங்கி குறுக்கே வந்தான்.

"நாளைக்கு ரயிலு போயிருக்கும் மச்சான். எல்லாரும் வாங்க. பாக்கியம், நீயும் வா. அந்தப் பெட்டியை அப்படியே வெச்சுட்டு நீயும் வா ரத்தினம்."

பூஜைச் சாமானைக் கையில் எடுத்தவன் பின்னால் வீடு மட்டுமா போகும், தெருவே போயிற்று. வெங்கடம்மா ஈரப் புடைவையை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றாள். காத்தவராயன் முன்சக்கரங்களுக்குக் கல்லை அண்டை கொடுத்து, பின்பக்கம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினான். சம்பங்கியைக் கைபிரேக்கைக் கடைசி வரைக்கும் இழுக்கச் சொன்னான்.

"பாக்கியம், இங்க வா. இந்தச் சக்கரத்தைச் சுத்து."

"நான் எதுக்குண்ணே?"

"சுத்தும்மா."

பாக்கியவதி பயந்துகொண்டே ஒரு கையால் தள்ளினாள். மாவு ஆட்டுகிற கல் மாதிரி, பிரேக் போட்டிருந்த சக்கரம் சுற்றிற்று. இன்னொரு தடவை தள்ளினாள். இன்னொரு சுற்று.

காத்தவராயன் மண்டியிட்டபடியே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்: "இதைப் பார்த்தது நான். முடுக்கினது நான். ஏசுபாதம் ஷூவை விரிக்கணும்னு சொல்லி அனுப்பினாரு, கேக்காதது நான். கம்பியை முடுக்கி முடுக்கி, லைனிங் உரசித் தேஞ்சு போச்சு. தீயற வாடை வருதுன்னு மச்சான் சொன்னப்ப வாயை அடைச்சதும் நான்தான். கல்லை எட்டி உதைச்சதை நீங்களே பார்த்தீங்க. காலைல கிருஷ்ணம்மா கேட்டப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தப்பில்லன்னு சொன்னேன்."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். பாக்கியவதிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "இருந்தாலும் அண்ணே, அவ வந்தப்பத்தான போச்சு..." என்று இழுத்தாள்.

"நிறுத்துடி!" என்றான் சம்பங்கி. அவன் அப்படிச் சத்தம் போட்டுத் தெரு கேட்டதில்லை. "அவ வராம நான் தீப்பெட்டிக்கு உள்ள போயிருந்தா, நான் திரும்பி வரப்ப போயிருக்கும். என்னைக் குடியாத்தம் அனுப்புவியா?"

காத்தவராயன் சக்கரத்தைக் கழற்றினான். டிரம்மில் சின்னதாக ஒரு துவாரம் இருந்தது. அதற்குள் ஸ்குரூ டிரைவரை விட்டுத் திருப்பினால் உள்ளே ஷூ விரிந்து டிரம்மை நெருங்குகிறது. கம்பியை முடுக்க வேண்டியதே கடைசியில்தான். முதலில் உள்ளே சரியாக இருக்க வேண்டும். இதைத்தான் அந்த மனிதர் ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருந்தார். கைபிரேக்கை இறக்கிவிட்டு, காருக்கடியில் புகுந்து, முடுக்கி வைத்த நட்டை முழுக்கத் தளர்த்தினான். பிறகு டிரம்முக்கு வந்து ஷூவை டிரம் நிற்கிற அளவுக்கு விரித்து, உரசாமல் சுற்றும்படி துளி பின்னுக்கு வாங்கினான். மறுபக்கமும் அப்படியே செய்து, சக்கரங்களை மாட்டினான். எல்லாம் முடிந்த பிறகே கம்பிக்கு வேண்டிய அளவு இழுவை கொடுத்தான். இப்போது லிவர் பாதி வழியில் கவ்விக்கொண்டு நின்றது. பாக்கியவதியை மறுபடி சுற்றச் சொன்னான். இரண்டு கையாலும் தள்ளினாள். அசையவில்லை.

"தோ, இப்ப நின்னுச்சு" என்றாள் வெங்கடம்மா. "குழாய் போனப்புறம்."

அன்றைக்கு ரயிலுக்கு யாரும் போகவில்லை. ரத்தினம்மா பெட்டியைத் திறந்து புடைவைகளைக் கொடியில் மறுபடியும் போட்டாள். பாக்கியவதி சுண்டலைச் சூடு பண்ணி அவளுக்கு முதலில் வைத்தாள். மன்னிப்பு என்று வாயால் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. சேதி இரண்டு நாளில் வைண்டிங் இஞ்சின் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. "இன்னாப்பா காத்தவராயா, கேஜுக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சுடலாமா?" என்று கேட்டார்கள். அவன் முன்னே மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேசுகிற பேச்சு நின்றுபோயிற்று. ஏசுபாதம் ஷெட்டுக்குக் காரை அவனே கொண்டு போய், தான் செய்ததைச் சொல்லி, சரியா என்று பார்க்கச் சொன்னான். சரிதான் என்றார் அவர். அந்த 'சரிதான்' அவனுக்கு ஒட்டவே இல்லை.

ஊர் மறந்தது. சம்பங்கி மறந்தான். கார் பாட்டுக்கு இன்னும் பல வருஷம் பங்காருபேட்டைக்கு ஓடிற்று. காத்தவராயனுக்கு மறக்காமல் இருந்தது கார் உருண்டது இல்லை. அவன் பொய் சொன்னதற்கும் உண்மை சொன்னதற்கும் நடுவில் ஒருத்தி புடைவை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாளே, அந்த நேரம்தான். அந்த நேரத்துக்குள்ளேதான் அவள் தன் புருஷன் சாவையும் சேர்த்து மடித்து வைத்துக்கொண்டாள். கார் விஷயத்தைச் சொல்லித் திருத்தியாயிற்று. புருஷன் சாவுக்கும் தான்தான் காரணம் என்று அவள் எடுத்துக்கொண்டது மாறியதா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு எல்லோரும் வாசலில் கூடினார்கள். "ரத்தினம், வாம்மா வெளியே" என்று சம்பங்கி கூப்பிட்டான். பாக்கியவதியே உள்ளே பார்த்து, "வாயேன்டி, யாரு இன்னா சொல்லப் போறாங்க?" என்றாள். கிருஷ்ணம்மா போய்க் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"அடுப்புல வேலை இருக்குது. நீங்க ஆகட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கோபம் இல்லாத குரல்.

"நீங்க கூப்பிடுங்களேன், உங்க பேச்சுன்னா கேப்பா" என்று கிருஷ்ணம்மா புருஷனைப் பார்த்துச் சொன்னாள். தெரிந்து சொன்னாளோ, தெரியாமல் சொன்னாளோ. காத்தவராயன் படிவரைக்கும் போனான். உள்ளே அவள் முதுகு தெரிந்தது, அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ரத்தினம் என்று கூப்பிட வாயைத் திறந்தான். பேர் வரவில்லை. அப்படியே திரும்பி வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டான்.